பதக்கத்துக்குப் பிறகும் ஒரு பயணம்

ஒரு விளையாட்டு வீராங்கனையைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பதக்கம் எடுத்தார்?" என்பதுதான். பதக்கம் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கும். "விளையாடுவதை நிறுத்திய பிறகு அவர் என்ன செய்தார்?" என்று யாரும் கேட்பதில்லை. நாம் முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கருத்து. அதிலும் பெண்பிள்ளைகள் மட்டும் படிக்கும் ஒரு கல்லூரியில் அந்தக் கேள்வி கட்டாயம் கேட்கப்பட வேண்டும்.

இதைச் சொல்வதற்கு எனக்குக் கிடைத்த சிறந்த உதாரணம் கலாநிதி நிக்கி பிராங்கி. நம் நாட்டில் அவருடைய பெயரை அறிந்தவர்கள் குறைவு. அவர் ஐக்கிய அமெரிக்காவின் வாள்வீச்சு வீராங்கனை. பிலடெல்பியா நகரிலுள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பெண்கள் வாள்வீச்சு அணியை 1972 முதல் 2022 வரை பயிற்றுவித்தவர். ஒரே பல்கலைக்கழகம், ஒரே விளையாட்டு, 50 வருடங்கள். ஒலிம்பிக் பதக்கம் எதுவும் அவரிடம் இல்லை. ஆனாலும் பதக்கம் பெற்ற பலரை விட அதிகமான பெண்பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொட்டவர் அவர் என்றே நான் நினைக்கிறேன்.

வாள்வீச்சு என்றால் என்ன?

வாள்வீச்சு என்றவுடன் திரைப்படங்களில் வரும் சண்டைதான் பலருக்கு ஞாபகம் வரும். உண்மையான விளையாட்டு அப்படிப்பட்டதல்ல. 14 மீற்றர் நீளமான, ஒடுங்கிய ஒரு தளத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். தலையில் கம்பிவலை முகமூடி, கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை உடை, ஒரு கையில் கையுறை. மூன்று வகை வாள்கள் உண்டு. ஃபொயில் என்பது மெல்லிய வாள். அதன் முனையால் எதிராளியின் உடற்பகுதியை மட்டுமே தொடலாம், கை, கால், தலை கணக்கில்லை. எப்பே சற்றுப் பாரமானது. உடம்பின் எந்தப் பகுதியையும் தொடலாம். சேபர் வாளால் இடுப்புக்கு மேலே முனையாலும் தொடலாம், விளிம்பாலும் தொடலாம். வாள் பட்டதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது கடினம் என்பதால் மின்கருவி பொருத்தப்பட்டிருக்கும். முனை சரியான இடத்தில் அழுந்தினால் விளக்கு எரியும். ஆரம்பச் சுற்றில் 3 நிமிடங்களுக்குள் 5 தொடுகைகளை முதலில் பெறுபவர் வெல்வார். தோற்றவர் வெளியேறும் சுற்றுகளில் 15 தொடுகைகள்.

நிக்கி பிராங்கியின் வாள் ஃபொயில். அதில் ஒரு விசேட விதி இருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால் இருவருக்கும் சேர்த்துப் புள்ளி வழங்கப்படுவதில்லை. முறைப்படி முதலில் தாக்குதலைத் தொடங்கியவருக்கே உரிமை. தாக்கப்பட்டவர் முதலில் அந்த வாளைத் தன் வாளால் தடுக்க வேண்டும். தடுத்துவிட்டால் திருப்பித் தாக்கும் உரிமை அவர் கைக்கு வந்துவிடும். ஆகவே அவசரப்பட்டு வீசுவதில் பயனில்லை. பார்க்க வேண்டும், யோசிக்க வேண்டும், தடுக்க வேண்டும், பிறகு தாக்க வேண்டும். இவை எல்லாம் ஒரு நொடிக்குள் நடக்க வேண்டும். இதனால்தான் வாள்வீச்சைச் சதுரங்கத்துடன் ஒப்பிடுகிறார்கள்.

இன்னொரு விடயமும் எனக்குப் பிடித்தது. போட்டி தொடங்க முன்னரும் முடிந்த பின்னரும் இருவரும் வாளை உயர்த்தி ஒருவருக்கொருவர் மரியாதை செய்ய வேண்டும். தோற்ற கோபத்தில் அதைச் செய்யாமல் போனால் தண்டனை உண்டு. மரியாதை என்பது இங்கே நல்ல பழக்கம் மட்டுமல்ல, எழுதப்பட்ட சட்டம்.

இந்த விளையாட்டிலும் பெண்கள் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. நவீன ஒலிம்பிக் தொடங்கிய 1896ஆம் ஆண்டிலேயே ஆண்களுக்கு வாள்வீச்சு இருந்தது. பெண்களுக்கு 1924இல்தான் இடம் கிடைத்தது, அதுவும் ஃபொயிலில் மட்டும். எப்பே 1996இலும் சேபர் 2004இலும்தான் பெண்களுக்குத் திறக்கப்பட்டன. ஒரே விளையாட்டின் மூன்று கதவுகளும் திறக்க 80 வருடங்கள் சென்றன.

ஹார்லெமில் தொடங்கிய பாதை

நிக்கி பிராங்கி 1951இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். கறுப்பின மக்கள் செறிந்து வாழும் இடம் அது. வாள்வீச்சோ அக்காலத்தில் பெரும்பாலும் வசதி படைத்த வெள்ளையர்களின் கழகங்களுக்குள் இருந்த விளையாட்டு. வாள், முகமூடி, உடை, பயிற்சிக் கட்டணம் எல்லாமே பணம். அப்படியான விளையாட்டு ஹார்லெம் பிள்ளையிடம் எப்படி வந்தது? பாடசாலை வழியாகத்தான். உயர்நிலைப் பாடசாலையில் படிக்கும் காலத்தில் அவர் முதன்முதலாக வாளைப் பிடித்தார். பிறகு புரூக்ளின் கல்லூரியில் சேர்ந்தார். கழகங்கள் பணம் உள்ளவர்களுக்குத்தான் திறக்கும். பாடசாலை எல்லோருக்கும் திறக்கும். இந்த வித்தியாசத்தை நாம் மறக்கக் கூடாது.

புரூக்ளின் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த பயிற்றுனர் ஒரு பெண். பெயர் டெனிஸ் ஓகொனர். அவர் வெறுமனே மைதான ஓரத்தில் நின்று ஆலோசனை சொன்னவர் அல்லர். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக விளையாடியவர். இன்னும் ஆச்சரியமான செய்தி ஒன்று உண்டு. 1976இல் கனடாவின் மொன்றியல் நகரில் ஒலிம்பிக் நடந்தபோது அமெரிக்கப் பெண்கள் அணியில் டெனிஸ் ஓகொனரும் இருந்தார், நிக்கி பிராங்கியும் இருந்தார். ஆசிரியையும் மாணவியும் ஒரே நாட்டுக்காக, ஒரே அணியில்! இதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: தன் பயிற்றுனரே போட்டியில் நிற்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு "பெண்ணால் முடியுமா?" என்ற சந்தேகமே வராது. அந்தக் கேள்விக்கான விடை தினமும் அவள் கண்முன்னே நடமாடிக்கொண்டிருக்கும்.

விளையாடிக்கொண்டே கற்பித்தவர்

1972இல் பட்டப்பின்படிப்புக்காக நிக்கி பிராங்கி டெம்பிள் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அப்போது அவருக்கு 21 வயது. அந்த வருடமே அங்கே பெண்கள் வாள்வீச்சு அணியைக் கட்டியெழுப்பத் தொடங்கினார்.

அந்த 1972ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்களுக்கு முக்கியமான ஆண்டு. ஜூன் 23ஆம் திகதி 'ஒன்பதாம் தலைப்பு' எனப்படும் சட்டம் நிறைவேறியது. மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். சட்டத்தில் விளையாட்டு என்ற சொல் முன்னணியில் இல்லை. ஆனால் அதன் பெரிய விளைவு விளையாட்டு மைதானங்களில்தான் தெரிந்தது. ஆண்களுக்கு அணிகளும் பயிற்றுனர்களும் வைத்திருந்த கல்லூரிகள் பெண்களுக்கும் அவற்றை வழங்க வேண்டிய நிலை வந்தது. சட்டம் கதவைத் திறந்தது. திறந்த கதவுக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஓர் ஆள் வேண்டுமே! டெம்பிளில் அந்த ஆளாக நின்றவர் நிக்கி பிராங்கி. அமெரிக்கப் பல்கலைக்கழக வாள்வீச்சில் கறுப்பினப் பெண் ஒருவர் தலைமைப் பயிற்றுனராக இருப்பது அக்காலத்தில் மிக அரிதான காட்சி.

பயிற்றுனரானதும் அவர் தன் விளையாட்டை விட்டுவிடவில்லை. 1975இல் அமெரிக்காவின் தேசிய ஃபொயில் சம்பியன் ஆனார். 1976இல் ஒலிம்பிக் சென்றார். 1980இல் மறுபடியும் தேசிய சம்பியன் ஆனார். இவை எல்லாம் அவர் பயிற்றுனராக இருந்த காலத்திலேயே நடந்தன. பகலில் மாணவியரின் பிழைகளைத் திருத்திவிட்டு, அதன் பிறகு தன்னுடைய பயிற்சிக்கு நேரம் தேடியிருப்பார். கற்பித்தல் அவருடைய ஆட்டத்தைக் குறைக்கவில்லை என்பதற்கு அந்த இரண்டாவது தேசியப் பட்டமே சாட்சி.

1980இல் மொஸ்கோ ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணிக்கும் அவர் தெரிவானார். ஆனால் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து ஜனாதிபதி ஜிம்மி கார்டரின் அரசு அந்தப் போட்டியைப் பகிஷ்கரித்தது. அமெரிக்க வீரர், வீராங்கனையர் எவரும் மொஸ்கோ செல்லவில்லை. நான்கு வருடங்கள் உழைத்து, தெரிவும் ஆகி, தன் பிழை எதுவும் இல்லாமல் வாய்ப்பை இழப்பது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! எத்தனையோ பேருடைய விளையாட்டு வாழ்க்கை அந்த வருடத்தோடு முடிந்துபோனது. நிக்கி பிராங்கிக்கும் அதன் பிறகு ஒலிம்பிக் இல்லை. ஆனால் அவருக்குத் திரும்பிச் செல்ல ஓர் இடம் இருந்தது. டெம்பிளில் அவருடைய மாணவியர் காத்திருந்தார்கள்.

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். போட்டியாளரின் வாழ்க்கை மற்றவர்களின் முடிவில் தங்கியிருக்கிறது. அரசு தடுக்கலாம், காயம் தடுக்கலாம், வயது நிச்சயம் தடுக்கும். கற்றுக்கொடுப்பவரின் வாழ்க்கையை அவ்வளவு இலகுவாக யாராலும் பறிக்க முடியாது.

ஐம்பது வருடங்களின் கணக்கு

2022இல் ஓய்வு பெறும்போது அவருடைய அணி பெற்ற வெற்றிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 900. அமெரிக்க வாள்வீச்சின் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் இடம்பெற்றிருக்கிறது. இடையில் விளையாட்டும் மாறிக்கொண்டே இருந்தது. அவர் தொடங்கியபோது கல்லூரிப் பெண்களுக்கு ஃபொயில் மட்டுமே. பின்னர் எப்பேயும் சேபரும் சேர்ந்தபோது, ஃபொயில் வீராங்கனையான அவர் மூன்று வாள்களுக்கும் அணி அமைக்க வேண்டியிருந்தது. ஐம்பது வருடங்கள் கற்பித்தவர் ஐம்பது வருடங்களும் கற்றுக்கொண்டே இருந்தார் என்பதுதான் இதன் பொருள்.

பெற்றார் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அவர் விளையாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. டெம்பிளிலேயே சுகாதாரக் கல்வியில் கலாநிதிப் பட்டம் பெற்று, அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையும் நிகழ்த்தினார். அவருடைய பெயருக்கு முன்னால் நான் எழுதிய 'கலாநிதி' கௌரவத்துக்காகச் சூட்டப்பட்டதல்ல, படித்துப் பெற்றது.

1992இல் அவர் மற்றைய மூன்று பெண்களுடன் சேர்ந்து 'விளையாட்டில் கறுப்பினப் பெண்கள்' என்ற மன்றத்தை நிறுவினார். டெம்பிளின் லக்ரோஸ் அணிப் பயிற்றுனராக இருந்த டீனா ஸ்லோன் கிரீன், அல்ஃபா அலெக்சாண்டர், லிண்டா கிரீன் ஆகியோர் ஏனைய மூவர். வசதி குறைந்த பகுதிப் பெண்பிள்ளைகளை வாள்வீச்சு, டென்னிஸ், கோல்ஃப் போன்ற விளையாட்டுகளுக்கு அறிமுகப்படுத்துவதும், வீராங்கனைகளாக மட்டுமன்றிப் பயிற்றுனர்களாகவும் நிர்வாகிகளாகவும் அவர்களை முன்னேற்றுவதும் அதன் நோக்கங்கள். தனக்குப் பாடசாலை திறந்த கதவை மற்றவர்களுக்காகத் திறந்து வைத்தார் என்று இதைச் சொல்லலாம்.

ஓய்வு பெற்றபோது அவருடைய இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? அவரிடமே டெம்பிளில் விளையாடி, பின்னர் அவருக்கே உதவிப் பயிற்றுனராக இருந்த ஜெனி சால்மன் என்ற பெண். டெனிஸ் ஓகொனரிடமிருந்து நிக்கி பிராங்கிக்கு, நிக்கி பிராங்கியிடமிருந்து ஜெனி சால்மனுக்கு. மூன்று தலைமுறை, மூன்று பெண்கள். எந்தப் பதக்க மேடையும் இவ்வளவு நீளமானதல்ல.

சட்டம் மட்டும் போதாது

இந்தச் சங்கிலி தானாக உருவாகும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலேயே எதிர்மாறாக ஒன்று நடந்திருக்கிறது. ஒன்பதாம் தலைப்புச் சட்டம் வந்த 1972இல் கல்லூரிப் பெண்கள் அணிகளைப் பயிற்றுவித்தவர்களில் 10 பேருக்கு 9 பேருக்கு மேல் பெண்களாகவே இருந்தனர். சட்டம் வந்த பிறகு விளையாடும் பெண்களின் தொகை பல மடங்கு கூடியது. ஆனால் பயிற்றுனர்களில் பெண்களின் பங்கோ பாதிக்கும் கீழே இறங்கியது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். சம்பளம் இல்லாமலும் சொற்ப சம்பளத்துக்கும் பெண்கள் செய்துவந்த வேலைக்கு, சட்டத்தின் பின் பணமும் மதிப்பும் வந்தன. உடனே ஆண்களும் அந்தப் பதவிகளுக்கு விண்ணப்பித்தார்கள். தெரிவு செய்யும் கதிரைகளிலும் பெரும்பாலும் ஆண்களே இருந்தார்கள்.

ஆகவே விளையாடப் பெண்பிள்ளைகள் அதிகம் வருவதும், கற்பிக்கப் பெண்கள் இருப்பதும் இரண்டு வேறு விடயங்கள். முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக வரும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் முடிவெடுத்து, களத்தை விட்டுப் போகாமல் நிற்க வேண்டும்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

"வாள்வீச்சுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். இப்திஹாஜ் முஹம்மதின் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாப் அணிந்து விளையாடிய அமெரிக்க வீராங்கனை. சேபர் குழுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றவர். மற்ற விளையாட்டுகளில் உடைக்கு மேல் உடை சேர்த்து அணிய வேண்டியிருந்த பிள்ளை அவர். உடம்பு முழுவதையும் மூடும் சீருடை உள்ள விளையாட்டு என்பதாலேயே வாள்வீச்சு அவருடைய குடும்பத்தின் கண்ணில் பட்டது. முதலில் அதைக் கவனித்தவர் அவருடைய உம்மா. ட்யூக் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டமும் பெற்றார். அவருடைய படத்தைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான்.

ஆனால் ஒரு படத்தைப் பார்த்துப் பெருமைப்படுவதால் மட்டும் நமது ஊரில் ஒரு பிள்ளையும் மைதானத்துக்கு வரப்போவதில்லை. அவளுக்குப் படத்தில் இருக்கும் வீராங்கனை போதாது. பின்னேரம் மூன்று மணிக்கு விசிலோடு வந்து நிற்கும் ஒரு பெண் வேண்டும்.

நான் வலைப்பந்து விளையாடுகிறேன். எங்கள் வயதில் ஒன்றாகத் தொடங்கிய 12 பேரில் சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகும் பந்தைத் தொட்டவர்கள் மூன்று பேர்தான். விட்டவர்கள் யாரும் விருப்பமில்லாமல் விடவில்லை. ஒருத்தி கோல் போடும் இடத்தில் நின்றால் எதிரணிக்கு நடுக்கம் வரும். இப்போது டியூஷனுக்கும் வீட்டுக்கும் இடையில் மட்டும் நடக்கிறாள். அவர்களுடைய வீடுகளில் சொல்லப்பட்ட காரணங்களைக் கேட்டால் மூன்று வகைக்குள் அடங்கும். அவற்றைத் தட்டிக்கழிக்காமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, படிப்பு. இது நியாயமான கவலை. உயர்தரத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் பல்கலைக்கழக அனுமதி கைநழுவிவிடும் நாட்டில் வாழ்கிறோம். ஆனால் விளையாட்டு படிப்பை அழிக்கும் என்பது எல்லோருக்கும் பொருந்தும் விதியல்ல. நிக்கி பிராங்கி கலாநிதியானதை மேலே சொன்னேன். டெம்பிள் அணியில் விளையாடிய கமாலி தொம்சன் என்பவர் பின்னர் மருத்துவரானார். அமெரிக்க தேசிய அணிக்காகவும் வாள் பிடித்தார். எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒரு மணித்தியாலம் ஓடுவதால் மட்டும் யாரும் பரீட்சையில் தவறிவிடுவதில்லை என்றுதான் சொல்கிறேன். அந்த ஒரு மணித்தியாலத்தை விடக் கூடுதல் நேரத்தைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொள்வதை எந்த வீட்டிலும் காணலாம்.

இரண்டாவது, பாதுகாப்பும் ஒழுக்கமும். "பயிற்றுவிப்பவர் ஆண். போட்டிக்கு வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டும். மஃரிபுக்குப் பிறகுதான் வீடு வரலாம். எப்படி அனுப்புவது?" என்று உம்மாமார் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைப் பிற்போக்கு என்று சொல்லிச் சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளையின் மீது அக்கறை உள்ள எந்தத் தாயும் கேட்பாள். ஆனால் கேள்வி சரியென்றால் விடையைத் தேட வேண்டாமா? அந்த விடை, பெண் பயிற்றுனர். தன் ஊரில் வளர்ந்த, தன் குடும்பம் அறிந்த, இதே கல்லூரியில் படித்த ஒரு ராத்தா பிள்ளைகளை அழைத்துப் போய் அழைத்து வந்தால் எத்தனை வாப்பாமார் மறுப்பார்கள்? பிள்ளையை மைதானத்திலிருந்து எடுத்துவிடுவது இந்தப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறது. ஏனென்றால் இன்று நாம் மைதானத்திலிருந்து எடுக்கும் பிள்ளைதான் நாளை பெண் பயிற்றுனராக வந்திருக்க வேண்டியவள்.

மூன்றாவது, தொழில். "விளையாடி என்ன சம்பாதிக்கப் போகிறாய்?" விளையாடிச் சம்பாதிப்பவர்கள் நம் நாட்டில் மிகச் சிலர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளையாட்டைக் கற்பிப்பது ஒரு தொழில். சுகாதாரமும் உடற்கல்வியும் நம் பாடசாலைகளில் ஒரு பாடம். அதற்கான ஆசிரியர்களைக் கல்வியியற் கல்லூரிகள் பயிற்றுவிக்கின்றன. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானத்தில் பட்டமே பெறலாம். மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகிய மூன்றையும் தாண்டி ஒரு தொழிலைப் பற்றிப் பேசினால் நம் வீடுகளில் ஒரு மௌனம் நிலவுகிறது. அந்த மௌனத்தில் எத்தனையோ திறமைகள் புதைந்துபோகின்றன.

இன்னொரு மறுப்பையும் நான் எதிர்பார்க்கிறேன். அமெரிக்காவில் பணம் இருக்கிறது, பல்கலைக்கழகங்களில் உள்ளரங்குகள் இருக்கின்றன, சட்டமும் இருக்கிறது; நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். நாம் நாளைக்கே மின்கருவிகளோடு வாள்வீச்சுத் தளம் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நமக்கு வலைப்பந்து இருக்கிறது, பூப்பந்து இருக்கிறது, எல்லே இருக்கிறது, கரம் இருக்கிறது. நிக்கி பிராங்கியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வாளை அல்ல, நின்ற இடத்தை விட்டுப் போகாத அந்தக் குணத்தை. அதற்கு டொலர் தேவையில்லை.

நாம் இப்போதே செய்யக்கூடியவை

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் செல்லும்வரை நம் நாட்டில் நீண்ட இடைவெளி உண்டு. பலர் அந்த மாதங்களை வீட்டில் காத்திருந்தே கழிக்கிறார்கள். விளையாட்டில் திறமை காட்டிய மூத்த மாணவியரை அக்காலத்தில் கனிஷ்ட அணிகளுக்கு உதவிப் பயிற்றுனர்களாகக் கல்லூரி அழைக்கலாம். வாரத்தில் இரண்டு பின்னேரங்கள் போதும். அவர்களில் ஒருத்திக்காவது கற்பிக்கும் ஆசை பிடித்துவிட்டால் நமது சங்கிலியின் முதல் கண்ணி கிடைத்துவிடும்.

பழைய மாணவியர் சங்கம் பரிசளிப்பு விழாவுக்குக் கேடயம் தருகிறது. நன்றி. அதோடு ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவி நடுவர் பயிற்சிக்கோ பயிற்றுனர் பயிற்சிக்கோ செல்வதற்கான செலவையும் ஏற்றால், அந்தப் பணம் அலுமாரிக்குள் அடைபட்டுக் கிடக்காது, மைதானத்தில் நடமாடும்.

விளையாடும் சகோதரிகளே, நீங்கள் கற்றதை எழுதி வையுங்கள். எந்தப் பயிற்சி எதற்கு, எந்தத் தவறு எப்படித் திருந்தியது என்று ஒரு கொப்பியில் குறித்து வைத்தால், ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்திக்குக் கற்பிக்கும் நாளில் அதுவே உங்கள் கைநூல். அணிக்குத் தெரிவாகாதவர்களும் ஒதுங்க வேண்டாம். நல்ல பயிற்றுனராவதற்கு முதல் வரிசை வீராங்கனையாக இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புள்ளி எழுதுவதும் நேரம் பார்ப்பதும் விசில் பிடிப்பதும் ஆரம்பப் படிகள்தான்.

பெற்றாரே, உங்களிடம் ஒன்றை மட்டும் கேட்கிறேன். உங்கள் மகள் சாதாரண தரம் முடித்ததும் விளையாட்டுக் காலணியை எடுத்து மேல்தட்டில் வைக்கும் முன்னர், அவளோடு அமர்ந்து ஒரு தடவை பேசுங்கள். "இனி விளையாடியது போதும்" என்பதற்குப் பதிலாக, "இதை வைத்து நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அவளிடம் பதில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி அவளை யோசிக்க வைக்கும்.

1972இல் 21 வயதுப் பெண் ஒருவர் ஒரு பல்கலைக்கழக மண்டபத்தில் சில மாணவியரோடு தொடங்கிய வேலை, அவருக்கு 71 வயதாகும்வரை நடந்தது. இன்று அவருடைய மாணவியின் கையில் தொடர்கிறது. வெற்றிகள் ஏறத்தாழ 900 என்று எண்ணிவிட்டார்கள். அந்த 50 வருடங்களில் வாளைப் பிடித்து, தலைநிமிர்ந்து, எதிராளிக்கு மரியாதை செய்துவிட்டு, பட்டத்தோடு வெளியே போன பிள்ளைகளின் வாழ்க்கையை எந்தப் புள்ளிப் பலகையிலும் எண்ணிக் காட்ட முடியாது. நமது கல்லூரியிலும் அப்படி ஒருவர் வர வேண்டும். வெளியிலிருந்து யாராவது வருவார் என்று பார்த்திருந்தால் வரமாட்டார். இப்போது மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பவர்களில் ஒருத்திதான் அவர்.